மூன்று பொறிகளும் ஒரு பெட்டியும்: பந்தயக் காருக்கு ஆட்சிக் கருவி தேர்ந்தெடுக்கும் முறை

‘பொறி’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். எந்திரத்தைப் பொறி என்கிறோம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். கல்லோடு கல் உரசும்போது தெறிக்கும் தீத்துளியும் பொறியே. இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் அமைந்திருப்பதை மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், இக்காலக் கார் ஒன்றின் முன்மூடியைத் திறந்து காட்டினால் போதும். அங்கே எந்திரமாகிய பொறி இருக்கிறது. அதன் வெப்பம், வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றை அறிந்து சொல்லும் உணரிகளாகிய பொறிகள் இருக்கின்றன. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியும் இருக்கிறது. இம்மூன்றையும் இணைத்து ஆள்வது ஒரு சிறு மின்னணுப் பெட்டி. பட்டறைகளில் இதனை ஈ.சி.யூ. என்பர். இக்கட்டுரையில் இதனை ஆட்சிப் பெட்டி என்று வழங்குவோம்.

இப்பெட்டியைப் பற்றித் தமிழாசிரியர் அறிய வேண்டுவது என்ன என்று சிலர் கேட்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் நம்மிடம் பயின்ற பிள்ளைகள் பலர் சிரம்பான், நீலாய், பகாவ் முதலிய ஊர்களின் பட்டறைகளில் வேலை செய்கின்றனர். அவர்களுள் கைத்திறன் மிக்க இளைஞர் பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் பொறியை மாற்றி, வேகக் காராகத் தாமே கட்டுகின்றனர். 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடம் நம் மாநில எல்லைக்கு அருகில் இருப்பது இவ்வார்வத்தை வளர்த்திருக்கிறது. இத்தகைய காரில் பொறிக்கு அடுத்தபடியாகப் பெருஞ்செலவு வைப்பது ஆட்சிப் பெட்டியும் அதனைச் சார்ந்த வேலைகளுமே. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையோ, பெரும்பாலும் “அவன் இதைப் போட்டான், நானும் இதையே போடுகிறேன்” என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஓராண்டுச் சேமிப்பு ஒரு பிற்பகலில் துளைபட்ட பிஸ்டனாக முடிவதற்கு இதுவே காரணம். காரணகாரியம் அறிந்து தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஈண்டு நோக்குவோம்.

பொறி கேட்பது என்ன?

பெட்ரோல் பொறி கேட்பவை இரண்டே. ஒன்று, தக்க அளவு எரிபொருள். மற்றொன்று, தக்க நேரத்தில் தீப்பொறி.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த திறன் வேண்டுமானால் காற்று 12.5 முதல் 13 பங்குவரை இருக்குமாறு கலவையைச் சற்றுச் செறிவாக்குவர். டர்போ பூட்டிய பொறிக்கு இதனினும் செறிவான கலவை தருவது வழக்கம். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது உருளையின் உள்ளே வெப்பம் தணிகிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையை ‘லீன்’ என்பர் பட்டறையார். முழுச்சுமையில் ஓடும் பொறிக்கு இதுவே பெரும் பகை.

அடுத்தது தீப்பொறி. கலவை பற்றிக்கொண்டு முற்றும் எரிய ஒரு சிறு காலம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைக் கடந்து கிராங்குத் தண்டு ஏறத்தாழ 15 பாகை திரும்பிய நிலையில் அழுத்தம் உச்சம் பெற்றால் பொறி நன்கு உழைக்கும். ஆதலால், பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே தீயிட வேண்டும். பொறி விரைய விரையத் தீயிடும் நேரத்தையும் முற்படுத்த வேண்டும்.

நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் பொறியை எண்ணிப் பாருங்கள். அது வினாடிக்கு 100 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் வினாடியில் நூறில் ஒரு பங்கு. அதனை 360 பாகையால் வகுத்தால், ஒரு பாகைக்குக் கிடைப்பது வினாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் சுமார் 28 பங்கு மட்டுமே. அத்துணை நுட்பமாகக் காலம் கணித்துத் தீயிடுவதே ஆட்சிப் பெட்டியின் தொழில். இக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவரும் செய்யலாம்.

கார்புரேட்டரும் அதன் பின்னரும்

1985 சூலை 9ஆம் நாள் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் இத்தகைய எரிபொருள் ஆட்சிப் பெட்டி இல்லை. 1994இல் வந்த முதல் பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டியே. உறிஞ்சப்படும் காற்று, குறுகிய குழல் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். அக்குறைவால் பெட்ரோல் இழுக்கப்பட்டுத் தூவப்படும். எளிய அமைப்பு; திருகாணியும் கேட்கும் காதும் இருந்தால் சீராக்கிவிடலாம். ஆனால் காலைக் குளிர், நண்பகல் வெயில், மலையேற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நுண்துளை ஈடுகொடுக்க இயலாது.

மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் முயற்சி 1950களிலேயே அமெரிக்காவில் தொடங்கியது. 1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரோனிக் என்னும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தி வெற்றி கண்டது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி ஆளும் மோட்ரோனிக் அமைப்பு 1979இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. இன்றைய ஆட்சிப் பெட்டிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

புதியது கைவந்தவுடன் பழையது பயனற்றுப் போய்விட்டது என்று எண்ணுவது பொருந்தாது. 1980களின் இறுதியில் கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று உருளைப் பொறியைக் கொண்டு ஒற்றையாள் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர்பெற்ற அவ்வகைப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே எளிய பொறியையே பயன்படுத்தினர். செலவு குறைந்தது, ஓட்டுநரின் திறமை வெளிப்பட்டது. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் திறக்கப்பட்ட கோவைப் பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்; அவ்வாண்டு நம் செப்பாங் தடத்திலும் ஓட்டிப் பதினொன்றாவதாக வந்தார். மிகச் சிக்கலான கருவி இருந்தால்தான் பந்தயம் பழக முடியும் என்பது தவறு என்பதற்கு இவ்வரலாறே சான்று.

பிஸ்டனைத் துளைக்கும் தட்டொலி

தேர்வில் பிழை நேர்ந்தால் விளையும் கேட்டினை அறிந்துகொண்டால், தேர்வின் அருமை தானே விளங்கும். உருளையில் தீப்பொறி தெறித்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். அது பரவி முடிவதற்குள், மறுமுனையில் எஞ்சிய கலவை வெப்பமும் அழுத்தமும் மிகுந்து தானாகவே வெடித்துவிடுவதுண்டு. அப்போது சுத்தியால் இரும்பைத் தட்டினாற்போன்ற ஒலி எழும். இதனையே தட்டொலி என்கிறோம். இது நீடித்தால் பிஸ்டனின் தலை அரிபட்டு உருகும், வளையங்கள் உடையும்.

தட்டொலிக்குக் காரணங்கள் பல: தீயிடும் நேரத்தை அளவுக்கு மீறி முற்படுத்துதல், பெட்ரோல் குறைந்த கலவை, டர்போவின் மிகை அழுத்தம், உள்ளே புகும் காற்றின் வெப்பம். நம் நாட்டு நண்பகலில் முன்மூடிக்குள் காற்று எத்துணைச் சூடாகும் என்பதை நாம் அறிவோம். குளிர்நாட்டில் ஒருவர் பதித்துத் தந்த அளவுகளை அப்படியே இங்கே பயன்படுத்துவது இதனால்தான் ஆபத்தாகிறது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். ரான் 97 பெட்ரோலில் ரான் 95ஐவிட ‘சக்தி’ மிகுதி என்று இளைஞர் பலர் நம்புகின்றனர். அவ்வெண் குறிப்பது சக்தியை அன்று. தட்டொலியைத் தாங்கும் தன்மையை. அத்தாங்குதிறனைப் பயன்படுத்தித் தீயிடும் நேரத்தை முற்படுத்தினாலோ டர்போ அழுத்தத்தை உயர்த்தினாலோதான் மிகைத்திறன் கிடைக்கும். அவ்வாறு செய்வது ஆட்சிப் பெட்டி, பெட்ரோல் அன்று.

நான்கு வழிகள்

வேகக் கார் கட்டுபவர்முன் நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, பொறியோடு வந்த பெட்டியையே வைத்துக்கொள்வது. சப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி இறக்கப்படும் கார்களை நம்மவர் ‘ஹாஃப் கட்’ என்பர். அதில் பொறி, கியர்ப்பெட்டி, கம்பிக்கட்டு, ஆட்சிப் பெட்டி எல்லாம் பொருத்தமாக வரும். பொறியின் உள்ளுறுப்புகளை மாற்றாதவர்க்கு இதனினும் நம்பகமான வழி இல்லை. வாங்கும்போதே கம்பிக்கட்டினை அறுபடாமல் முழுமையாகப் பெறுதல் வேண்டும். சப்பான் உள்நாட்டுக் கார்களில் மணிக்கு 180 கிலோமீட்டர் என்னும் வேகத் தடை பெட்டியிலேயே பதிந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. சில பெட்டிகளின் உள்ளே பதிந்துள்ள அளவுகளை மாற்றி எழுதவும் இயலும், இயலாதனவும் உண்டு.

இரண்டாம் வழி, துணைப்பெட்டி. பட்டறையார் இதனைப் ‘பிக்கிபேக்’ என்பர். இஃது உணரிகளுக்கும் மூலப் பெட்டிக்கும் இடையில் அமர்ந்து, செய்தியைச் சிறிது திரித்துச் சொல்லும். தென்னாப்பிரிக்காவின் யூனிசிப் இவ்வகையைச் சேர்ந்தது. செலவு குறைவு; சிறு மாற்றங்களுக்குப் போதும். ஆனால் ஒரு கண்ணி உண்டு. பெட்ரோலைக் குறைக்க விரும்பி, ‘காற்று குறைவாக வருகிறது’ என்று மூலப் பெட்டியிடம் பொய்யுரைத்தால், அது ‘சுமை குறைவு’ என்று கருதித் தீயிடும் நேரத்தை முற்படுத்திவிடும். பெட்ரோலும் குறைந்து தீயும் முந்தினால் முடிவு தட்டொலியே. தீயிடும் நேரத்தையும் தனியே ஆளவல்ல துணைப்பெட்டியில்தான் இதனைச் சரிசெய்ய முடியும்.

மூன்றாம் வழி, தனிநிலைப் பெட்டி. மூலப் பெட்டியை நீக்கிவிட்டு முழு ஆட்சியையும் இதனிடம் ஒப்படைப்பர். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் முதலியன பெயர்பெற்றவை. கேம் தண்டுகள் மாறிய பொறி, பெரிய டர்போ பூட்டிய பொறி, பெட்டியே இல்லாத பழைய பொறி ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. விலை மிகுதி, உழைப்பும் மிகுதி.

நான்காம் வழி, கையால் கட்டும் பெட்டி. அமெரிக்கர் இருவர் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், தானே பற்றாசு வைத்துக் கட்டிக்கொள்ளும் பெட்டியாகப் புகழ்பெற்றது. பின்னர் வந்த ஸ்பீடுயினோ, அர்டுயினோ மெகா என்னும் பலகையை அடிப்படையாகக் கொண்டது. நம் பள்ளிகளின் எந்திரனியல் வகுப்புகளில் மாணவர் கையாளும் அர்டுயினோ இனத்தைச் சேர்ந்ததே அப்பலகை என்பது ஆசிரியர் கருதத்தக்கது. விலை மிகக் குறைவு. கற்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். எனினும் பற்றாசு ஒன்று சரியாகப் பிடிக்காவிடில் தடத்தின் நடுவே பொறி நின்றுவிடும். கற்க விழைவோர்க்கு இது நல்லாசான். அடுத்த வாரப் பந்தயத்துக்குக் கார் வேண்டுவோர்க்கு அன்று.

வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

முதலாவது, இப்பொறிக்கு எத்தனை தெளிப்பான்கள், எத்தனை தீச்சுருள்கள்? கேம் தண்டின் நேரத்தை மாற்றும் அமைப்பு உண்டா? முடுக்கி மிதி கம்பிவடத்தால் இயங்குவதா, மின்சாரத்தால் இயங்குவதா? இவற்றை எண்ணித் தாளில் எழுதிய பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். நான்கு வாயில் உள்ள பெட்டியை ஆறு உருளைப் பொறிக்கு வாங்கியவர் இருமுறை செலவழிக்க நேரும்.

இரண்டாவது, கிராங்குத் தண்டின் நிலையைப் பெட்டி எவ்வாறு அறியும்? 36 பற்களில் ஒன்றையோ 60 பற்களில் இரண்டையோ நீக்கிய சக்கரங்கள் பெருவழக்கு. பல் இல்லாத இடைவெளியைக் கண்டதும் தண்டு நிற்கும் இடத்தைப் பெட்டி தெரிந்துகொள்கிறது. நம் பொறியிலுள்ள சக்கரத்தைப் படிக்கத் தெரியாத பெட்டி எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை.

மூன்றாவது, காற்றின் அளவை எவ்வாறு அறிவது? டர்போ உள்ள பொறிக்குக் குழலழுத்த உணரி இன்றியமையாதது. உருளைக்கு ஒரு திராட்டில் வீதம் அமைத்த பந்தயப் பொறியில் குழலழுத்தம் நிலையாக இராது. அங்கே திராட்டில் திறந்த அளவைக் கொண்டே கணிப்பர். இரண்டையும் ஏற்கும் பெட்டி நல்லது.

நான்காவது, இதனைச் சீரமைக்கத் தெரிந்தவர் அருகில் யார்? ஐந்து வினாக்களுள் இதுவே தலையாயது. எந்தப் பெட்டியும் வாங்கியவுடன் தானே பொறியை அறிந்துகொள்வதில்லை. ஒருவர் அமர்ந்து, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் உரிய எண்களைப் பதிக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சிரம்பானிலோ உள்ள சீரமைப்பாளர் நன்கு பழகிய நடுத்தரப் பெட்டி, அவர் கண்டிராத உயர்ந்த பெட்டியைவிட மேலானது. ஆகவே, முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியை அவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, முழுச்செலவு எவ்வளவு? பெட்டியின் விலை முழுச்செலவின் ஒரு பகுதியே. உணரிகள், புதிய கம்பிக்கட்டு, எரிபொருள் பம்பு, கலவையை அளக்கும் அகலவீச்சு உணரி, சீரமைப்புக் கூலி ஆகிய யாவற்றையும் கூட்ட வேண்டும். பணம் குறைவாயின் பெட்டியில் ஒரு படி இறங்கலாம், கம்பிக்கட்டில் இறங்கலாகாது. பந்தயத்தில் நின்றுபோகும் கார்களிற் பலவற்றை நிறுத்துவது பெட்டியின் பழுது அன்று. தளர்ந்த முனையும் துருவேறிய நிலக்கம்பியுமே.

ஒரு கணக்கு

தெளிப்பான் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 140 குதிரைத்திறன் தரும் நான்கு உருளைப் பொறி ஒன்று உள்ளது. டர்போ இல்லாத பொறி, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல் உண்ணும் எனக் கொள்வது வழக்கம். அவ்வாறாயின் 140 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 31.8 கிலோகிராம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.74 கிலோகிராம், ஆக, மணிக்கு 43 லிட்டர். நிமிடத்துக்குச் சுமார் 716 கன சென்டிமீட்டர். ஓர் உருளைக்கு 179.

தெளிப்பானை ஓயாமல் திறந்தே வைத்தால் அது சூடேறிக் கட்டுப்பாடு இழக்கும். ஆதலால் நூற்றுக்கு 80 அளவே திறக்கலாம் என்று வரையறுப்பர். 179ஐ 0.8ஆல் வகுத்தால் சுமார் 224 வரும். நிமிடத்துக்கு 230 அல்லது 240 கன சென்டிமீட்டர் தெளிப்பான் போதுமானது. ‘பெரிதாய் இருக்கட்டும்’ என்று 1000 அளவுள்ளதை வாங்கினால், பொறி மெல்ல ஓடும்போது அது தெளிக்க வேண்டிய துளி மிகச் சிறிதாகிவிடும். தெளிப்பு சீராக அமைவது கடினமாகும். அளவறிந்து வாங்குதல் என்பது இதுவே.

பெட்டி வந்த பின்னர்

சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உணரிகள் கூறுவது மெய்யா என்று சோதிக்க வேண்டும்: குளிர்ந்த பொறியில் நீரின் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகக் காட்ட வேண்டும்; நிறுத்திய பொறியில் குழலழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமாகிய சுமார் 100 கிலோபாஸ்கலைக் காட்ட வேண்டும். பின்னர், பெட்டி ‘10 பாகை’ என்று சொல்லும்போது கிராங்குக் கப்பியிலும் 10 பாகையே தெரிகிறதா என்று விளக்கொளி கொண்டு பார்க்க வேண்டும். இதனைச் செய்யாமல் பதிக்கும் எண்கள் யாவும் அடித்தளம் இல்லாத வீடு போன்றவை.

அடுத்து நின்ற நிலை ஓட்டம், பின்னர் இலேசான சுமை, இறுதியில் திறனளவைக் கருவியின்மேல் முழுச்சுமை. ஒவ்வொரு படியிலும் கலவையின் அளவை அகலவீச்சு உணரி கொண்டு பார்த்துத் திருத்துவர். முழுச்சுமையில் பாதுகாப்பான செறிவிலிருந்தும், தாமதித்த தீயிடலிலிருந்தும் தொடங்கிச் சிறிது சிறிதாக முன்னேறுவதே முறை. கடைசி இரண்டு குதிரைத்திறனைத் துரத்துபவர் பொறியையே இழப்பர். சுற்றுவேக வரம்பு, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் பொறியை நிறுத்தும் காவல், டர்போ அழுத்தம் மீறினால் எரிபொருளை நிறுத்தும் காவல் ஆகியவை பெட்டியில் இருந்தால், அவற்றை முதல் நாளே இயக்கிவிட வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பொறியை மாற்றிய காரைப் பொதுச்சாலையில் ஓட்டச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் உரிய ஆய்வும் வேண்டும். வேகத்தைச் சோதிக்கும் இடம் தடமே. தோட்டத்துச் செம்மண் பாதையும் நெடுஞ்சாலையும் அல்ல. அப்பாதைகளில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருகின்றனர்.

கருவி எளியோனையும் வலியோனையும் ஒன்றுபோல் ஆக்கிவிடாது. 2008 முதல் ஃபார்முலா ஒன் பந்தய அணிகள் யாவும் ஒரே வகை ஆட்சிப் பெட்டியையே பயன்படுத்தி வருகின்றன. எனினும் வெற்றி எல்லாருக்கும் ஒன்றாய் வருவதில்லை. அளக்கத் தெரிந்தவனுக்கே அது பயன்படுகிறது. நம் மாணவர்க்குக் கை உண்டு, ஆர்வம் உண்டு. விகிதம், பாகை, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றை நாம் வகுப்பில் கற்பிக்கும்போது, அவை தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். பட்டறையில் “அவன் சொன்னான்” என்பது குறைந்து, “அளந்து பார்த்தேன்” என்பது பெருகும்.